எங்கள் வாசலில் உட்கார்ந்த மாமியார்

என் நாத்தனாருக்கு இந்த உலகத்தில் பயம் என்று இருந்தால் அது பல்லியிடம் மட்டும்தான். மற்றபடி இடி, மின்னல், வாடிக்கையாளர், போலீஸ் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். புருஷன் சீக்கிரமே காலமாகி, தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவர். இப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "நான் எங்க வந்து சேர்ந்தேன்? எனக்கப்புறம்தான் நீ வந்தே" என்பார். அதுவும் நிஜம்தான். நான் கல்யாணமாகி வந்தபோது, இந்த வீட்டின் முன் அறையில் பஞ்சு மூட்டைக்கு நடுவே கோணி ஊசியும் கையுமாக அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இன்றும் அதே இடம்தான்.

மெத்தை, தலையணை, திண்டு, நாற்காலிக்கு மேல் போடுகிற சின்ன மெத்தை, எல்லாம் தைத்துக் கொடுப்பார். தெருவில் அவருக்கு மெத்தைக்காரம்மா என்று பேர். எங்கள் வீட்டில் பஞ்சு பறக்காத இடம் கிடையாது. டீயை ஊதிக் குடிப்பது சூட்டுக்காக மட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது சட்டையின் முதுகுப்பக்கத்தை நான் தட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். இல்லையென்றால் பட்டறையில், "என்னப்பா, வீட்ல கோழி வளக்கிறீங்களா?" என்று கேட்பார்களாம்.

அவர் தைத்த மெத்தை அமுங்காது. அதற்கு ஒரு சூட்சுமம் வைத்திருந்தார். சுற்றிலும் நல்ல பஞ்சு, நடுவில் மட்டும் பழந்துணியை இறுக்கிச் சுருட்டி ஓர் உருண்டை. "வெளிய பாத்தா மெத்துன்னு இருக்கணும், உள்ள ஒரு பிடிப்பு இருக்கணும். மனுஷங்களும் அப்படித்தான் இருக்கணும்" என்பார். பெரிய மெத்தைக்கு அந்த உருண்டை கிடையாது. சின்னதுக்குத்தான். அதனால் அவருக்குப் பழந்துணி என்றால் உயிர். கிழிந்த பனியன், நைந்த போர்வை, யாருடையது என்று தெரியாத ஒற்றைக் காலுறை, எதுவும் எங்கள் வீட்டுக் குப்பைக்கூடையைப் பார்த்ததில்லை. எல்லாம் கொல்லைக் கொட்டகையில் தொங்குகிற அவருடைய சாக்குக்குள் போய்விடும்.

பக்கத்துத் தெருவில் போலீஸ் நாய்களை வைத்திருக்கிற இடம் இருக்கிறது. அங்கே நாய்களை வளர்த்துப் பழக்குகிற ஒரு போலீஸ்காரத் தம்பி உண்டு. ஒல்லியாக, வெட்கப்பட்டுக்கொண்டு பேசுவான். நாய்க்காரத் தம்பி என்போம். அவனிடம் இருந்தது ஒரு பெண் நாய். பழுப்பு நிறம், நீள மூக்கு, யாரைப் பார்த்தாலும் "எனக்குத் தெரியும்" என்பது மாதிரி ஒரு பார்வை. அரசாங்கம் அதற்கு ஏதோ வாயில் நுழையாத பேர் வைத்திருந்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பேர் மாமியார். எதை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடும், கண்டுபிடித்ததும் குரைக்காது. எதிரே போய்ப் பேசாமல் உட்கார்ந்து முறைக்கும். வேறு என்ன பேர் வைப்பது?

மாமியாருக்கு வேலை போதை மருந்து வாசனை பிடிப்பது. பழகின கொட்டடியிலேயே பழக்கினால் நாய்க்கு அந்த இடம் மனப்பாடமாகிவிடுமாம். முன்பின் தெரியாத வீடாக வேண்டும் என்று தம்பி தெருவில் வீடு வீடாகக் கேட்டிருக்கிறான். போலீஸ், அதுவும் நாய் என்றதும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்து என்ன பண்ணும்?"

"ஒளிச்சு வச்சதைக் கண்டுபிடிக்கும்க்கா."

"யாரு ஒளிக்கிறது?"

"நீங்களே ஒளிக்கலாம்."

அவ்வளவுதான். ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் தம்பி உடனே உள்ளே வரவில்லை. படிக்கு வெளியே நின்றே சொன்னான். "நீங்க சரின்னு சொன்னாதான் வருவோம்க்கா. நடுவுல வேண்டாம்னு தோணினா 'போதும்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்படியே திரும்பிடுவோம். எந்த ரூமுக்கு வரக் கூடாதுன்னாலும் முன்னாடியே சொல்லிடுங்க."

"பழகறதுக்கே இவ்வளவு மரியாதையா? நிஜமா சோதனை போட வந்தா?"

"நீதிபதி எழுதிக் கொடுத்த உத்தரவு இருந்தா உள்ள வரலாம். அதுல எந்த வீடுன்னு போட்டிருக்கோ அந்த வீடு மட்டும். உத்தரவு இல்லன்னா உங்களைக் கேக்கணும். நீங்க முடியாதுன்னா வாசலோட நிக்க வேண்டியதுதான்."

"நாயுமா?"

"நாயும்தான். ரோட்டுல நின்னு மோந்து பாக்கலாம். ரோட்டுக் காத்து பொதுதானே அக்கா? வீட்டுக்குள்ள இருக்கிற காத்து உங்களோடது."

நாத்தனாருக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் அவருடைய பஞ்சுக் கத்தரியை எடுக்கப் போனபோது, "உத்தரவு இருக்கா?" என்று கேட்டார்.

நானும் ஒரு நிபந்தனை வைத்தேன். தெருப்பக்கம் ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை எங்கள் வீட்டில் உண்டு. அதில்தான் நான் காலையும் மாலையும் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வேன். "அந்த அறைக்குள்ள மட்டும் நாய் வேண்டாம் தம்பி" என்றேன். "சரிங்கம்மா" என்றான். அதன் பிறகு எத்தனை முறை வந்தாலும் அந்தக் கதவுப் பக்கம் வந்ததும் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொள்வான். மாமியாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

ஒளிப்பதற்கு மருந்து எதையும் தரமாட்டான். வெள்ளைத் துண்டு ஒன்றைச் சுருட்டித் தருவான். ஓரத்தில் நீலக்கரை போட்டு, மூலையில் அவர்கள் இலாகா முத்திரை குத்தின துண்டு. அதை மருந்தோடு ஒரு தகர டப்பாவில் நாள்கணக்கில் மூடி வைத்திருப்பார்களாம். மருந்து ஒரு துளிகூட ஒட்டாது, வாசனை மட்டும் ஏறியிருக்கும். நமக்கு ஒன்றும் தெரியாது. நான் மூக்கை வைத்துப் பார்த்தேன், தகர வாசனைதான் வந்தது.

துண்டை நாத்தனார் ஒளித்த இடங்களை எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மாவு டப்பாவுக்கு அடியில், என் வீட்டுக்காரரின் மழைச் சட்டைக்குள், மாடிப்படி ஓட்டையில். ஒருமுறை மெத்தைக்குள்ளேயே வைத்துத் தைத்து, அந்த மெத்தை மேல் தானே படுத்து, தலைவலி என்று கண்ணை மூடிக்கொண்டார். மாமியார் நேராக வந்து கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து முறைத்தது.

"எங்கூட உனக்கு என்ன பகை?" என்றார் நாத்தனார், ஒரு கண்ணை மட்டும் திறந்து. "என் சொந்த மாமியாரே என்னை இப்படிப் பிடிச்சதில்லை."

"கோவிச்சுக்காதீங்க அக்கா, அதுக்கு வேலை அதானே" என்றான் தம்பி.

"நீ பேசாதே. நீ கண்ணைக் காட்டியிருப்பே."

"நான் எங்க இருக்குன்னே தெரியாம வந்தேன் அக்கா!"

தோற்றதற்கு அரைநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் மாமியார் வருகிற நாளில் காலையிலிருந்தே வாசலை எட்டி எட்டிப் பார்ப்பார். வந்ததும், "வாடி, உனக்கு வேற வேலை இல்ல?" என்பார். அதுவும் அவர் காலில் தலையை வைத்துத் தேய்க்கும்.

கண்டுபிடித்ததற்குப் பரிசு அந்தத் துண்டேதான். தம்பி ஒரு முனையைப் பிடிக்க, மாமியார் மறு முனையைக் கவ்வி இழுத்து, உறுமி, நார் நாராகக் கிழித்துவிடும். கிழிந்ததைப் பார்த்துத் தம்பி, "இது இனிமே உதவாதுக்கா, குப்பையில போட்டுடுங்க" என்பான். என் நாத்தனாரிடம் போய்த் துணியைக் குப்பையில் போடச் சொல்கிறான், பாவம், புதுசு அவன்.

கொஞ்ச மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் தம்பி தனியாக வந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது. டீ கொடுத்தோம்.

"மாமியார் தப்பு பண்ணுதுக்கா" என்றான்.

பஸ் நிலையத்தில் ஒரு பெரியவரின் பைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டதாம். பையைக் கொட்டிப் பார்த்தால் மாற்று வேட்டி, மாத்திரை, உட்காருவதற்கு நடுவில் ஓட்டை வைத்த வட்ட மெத்தை ஒன்று. மூல நோய்க்காரர். அவமானத்தில் அந்த மனிதர் அழாத குறை. கிடைத்தது ஒன்றுமில்லை. அடுத்து ஒரு பாட்டு டீச்சர் வீடு. உத்தரவு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனவர்கள் முன்னால், டீச்சர் வாசலில் போட்டிருந்த நாற்காலியைப் பார்த்து மாமியார் உட்கார்ந்துவிட்டது. டீச்சரே வீட்டைத் திறந்துவிட்டு, ஆர்மோனியப் பெட்டி வரைக்கும் திறந்து காட்டினாராம். ஒன்றும் இல்லை.

"புதுசா வந்த இன்ஸ்பெக்டர் சொல்லிட்டார். இன்னொரு தடவை பொய்யா உட்கார்ந்தா நாயை எடுத்துடுவாங்க. எங்கயாவது கிடங்குல கட்டிப் போட்டுக் காவலுக்கு வச்சிடுவாங்க. சங்கிலியிலேயே இருக்கணும்." அவன் டீயைக் குடிக்கவில்லை. "அதுக்கு மூக்குதான் எல்லாம். கட்டிப் போட்டா செத்துடும்க்கா."

நாத்தனார் மெத்தைப் பக்கம் குனிந்துகொண்டார். ஊசி வேகமாகப் போய் வந்தது. அவன் போன பிறகு, "வயசாயிடுச்சு போல. எனக்கும்தான் சில நாள் நூல் கோக்க முடியல. அதுக்காக என்னைக் கட்டியா போடறாங்க?" என்றார். அன்று இரவுப் பிரார்த்தனையில் அந்த நாயின் மூக்குக்காகவும் வேண்டிக்கொண்டேன். ஆண்டவனுக்கு அது புது விண்ணப்பமாக இருந்திருக்கும்.

பழக்க வருவதும் நின்றுபோனது. கை வேலை குறைந்த நாளில் நாத்தனார் எனக்கு ஒரு சின்ன மெத்தை தைத்துக் கொடுத்தார். மண்டிபோட்டு என் முழங்கால் காய்த்துப் போயிருந்தது. "ஆண்டவன்கிட்ட ரொம்ப நேரம் பேசறே. அவருக்குப் பொறுமை இருக்கு, உன் முட்டிக்கு இல்ல" என்றார். நல்ல மெத்தை. வாரத்துக்கு ஒருமுறை அதைப் பிரார்த்தனை அறை ஜன்னல் திட்டில் வெயிலுக்கு வைப்பேன்.

அப்படி வைத்த ஒரு நாள் மத்தியானம் தெருவில் போலீஸ் வண்டி வந்து நின்றது.

தெருக் கோடியில் ஒரு வாடகை வீடு. அங்கே குடியிருந்தவன் போதை மருந்து வைத்திருக்கிறான் என்று தகவல். அந்த வீட்டுக்கு உத்தரவு வாங்கி வந்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஆள் காலி செய்துவிட்டு ஓடியிருக்கிறான். வெறுங்கையோடு திரும்பி நடந்து வந்தார்கள். முன்னால் இன்ஸ்பெக்டர், வாட்டசாட்டமான ஆள், வெயிலில் முகம் சிவந்து. பின்னால் வயதான ஏட்டு ஒருவர். அவருக்குப் பின்னால் நாய்க்காரத் தம்பியும் மாமியாரும். எங்கள் வீட்டு எதிரே வந்ததும் மாமியார் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்துவிட்டது.

நாத்தனார் முதலில் சிரித்தார். "என்னடி, ரொம்ப நாளாச்சு, ஞாபகம் வந்துச்சா?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. முன் அறையில் அடுக்கியிருந்த மெத்தைகளைப் பார்த்தார். ஓடிப்போன ஆள், இரண்டு பக்கமும் வாயை மூடித் தைத்த மெத்தை, வாசலில் உட்கார்ந்த நாய். அவர் கணக்கு அவருக்கு. படியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"நகருங்கம்மா. சோதனை போடணும்."

நாத்தனார் அவர் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த கோணி ஊசியை மெத்தையில் குத்தி நிறுத்தினார்.

"உத்தரவு இருக்கா?"

"நாய் உட்கார்ந்திருக்குதே, தெரியல?"

"நாய் எழுதிக் கொடுக்குமா?"

தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குள் பாதித் தெரு கூடிவிட்டது. தம்பி மெதுவாக, "ஐயா, நம்ம உத்தரவுல கடைசி வீடுதான் இருக்கு" என்றான்.

"எனக்குத் தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் காலைக் கீழே எடுத்துக்கொண்டார். அதற்காகவே அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சரி, கேக்கறேன். உள்ள வந்து பாக்கலாமா?"

"மொதல்ல கேட்டிருந்தா டீயே போட்டிருப்பேன். காலை வச்சுட்டுக் கேக்கறீங்க. முடியாது." கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க? நம்ம வீட்ல என்ன இருக்கு, திறந்து காட்டிட்டா முடிஞ்சது!"

"ஒண்ணும் இல்லன்னு எனக்கும் தெரியும். அதுக்காக? திறந்தா இருபது மெத்தையையும் கிழிப்பாரு. யார் தைக்கிறது, நீயா?"

வெளியே இன்ஸ்பெக்டர் போனில் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. நீதிபதியிடம் இன்னொரு உத்தரவுக்கு ஆள் அனுப்பிவிட்டுத் திரும்பி, தம்பியிடம் சொன்னார். "உள்ள ஒண்ணும் இல்லன்னு ஆச்சு, இது மூணாவது. அப்புறம் இந்த நாயைப் பத்தி என்கிட்ட வந்து அழக் கூடாது."

நாத்தனார் அப்போதுதான் அப்படியே நின்றுவிட்டார். இதை அவர் யோசிக்கவே இல்லை. வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் எங்களுக்கு நிம்மதி. மாமியாருக்குச் சங்கிலி.

"ஏதாவது இருக்கணுமே" என்றார்.

"அண்ணி! என்ன பேச்சு இது?"

"அது பொய் சொல்லாது. என்னை எத்தனை தடவை தோக்கடிச்சிருக்கு! பழைய துண்டு ஏதாவது நாம எடுக்காம விட்டிருக்கமா, தேடு."

இப்படித்தான், போலீஸ் வாசலில் காத்திருக்க, எங்கள் வீட்டை நாங்களே சோதனை போட்டோம். மாவு டப்பா, மழைச் சட்டை, மாடிப்படி ஓட்டை. நாத்தனார் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துத் தும்மிக்கொண்டே வெளியே வந்தார். தலை முழுக்கப் பஞ்சு. ஒரு பல்லி ஓடியதில் ஒரு கத்தல் வேறு. வெளியே, "உள்ள என்னமோ நடக்குதுய்யா" என்றார் ஏட்டு.

நான் கதவு இடுக்கு வழியாக மாமியாரைப் பார்த்தேன். வாசலில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் வாசலைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிப் பக்கத்து ஜன்னலை முறைத்துக்கொண்டிருந்தது. என் பிரார்த்தனை அறை ஜன்னல்.

"அண்ணி, அது ஜன்னலைப் பாக்குது."

"அங்க என்ன இருக்கு?"

"என் மெத்தைதான் காயுது. நீங்க தைச்சுக் கொடுத்தது."

நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு விரலை மடக்கி மெதுவாகச் சொன்னார். "பஞ்சு. நடுவுல துணி உருண்டை. அந்தச் சாக்குத் துணி. மாமியார் கிழிச்சுப் போட்ட துண்டெல்லாம் அதுலதான் போட்டேன்."

"அப்ப என் மெத்தையில…"

"உன் மெத்தையில மட்டுமா?" அவர் கண் பெரிதாகிவிட்டது. "பாட்டு டீச்சர் நாற்காலி மெத்தை நான் தைச்சது. அந்த மூலக்காரப் பெரியவர், ஓட்டை வச்ச மெத்தை, யாருகிட்ட தைப்பாரு? என்கிட்டதான் வந்தாரு! உருண்டைக்குப் பதிலா அதே துணியைத் திரிச்சு வளையமா வச்சேன். அந்த நாய் ஒரு தடவைகூடத் தப்பு பண்ணல. பாவி, எல்லாம் நான்தான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போதை வாசனை மேல் மண்டிபோட்டுத்தான் நான் இத்தனை நாளாக ஆண்டவனிடம் நல்ல புத்தி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் வெளியே போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். "சரிங்க… சரிங்க…" என்று வைத்தார். நீதிபதி உத்தரவு தரவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை பொய்யாக உட்கார்ந்த நாயின் பேச்சை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தின் கதவைத் திறக்க முடியாது, வேறு ஏதாவது ஆதாரம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றுவிட்டாராம்.

"கிளம்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "மூணாவதுன்னு எழுதிடு."

தம்பி கயிற்றை இழுத்தான். மாமியார் எழுந்திருக்கவில்லை. "வாம்மா… வா…" என்றான்.

"அண்ணி, அவங்களே போறாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆண்டவன் காப்பாத்தினான். இப்பப் போய் மெத்தையைக் காட்டினா, போதைத் துணியை வச்சு வியாபாரம் பண்ணினேன்னு உங்களைப் பிடிச்சுக்கிட்டுப் போனா? பேசாம இருங்க."

"நம்மளைக் காப்பாத்தினான் சரி. அதை?"

நான் கையை விட்டுவிட்டேன்.

ஜன்னல் திட்டிலிருந்து என் மெத்தையை எடுத்தார். இன்னும் இரண்டு சின்னத் தலையணைகளை எடுத்துக்கொண்டார், அவை வெறும் பஞ்சு. கதவைத் திறந்து, படி தாண்டி, தெருவிலேயே மூன்றையும் வரிசையாக வைத்தார். தலையில் பஞ்சோடு அவர் நின்ற கோலத்தைப் பார்த்து இன்ஸ்பெக்டரே ஓர் அடி பின்னால் போனார்.

"இதைப் பாருங்க. இதுக்கு மட்டும்தான் சம்மதம். வீட்டுக்கு இல்ல."

தம்பி அவரையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தான். கயிற்றைத் தளர்த்தினான். மாமியார் முதல் தலையணையைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. என் மெத்தைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து முறைத்தது.

இன்ஸ்பெக்டர் கத்தியை எடுத்தார்.

"கத்தியை உள்ள வைங்க. தைச்சவளுக்குப் பிரிக்கத் தெரியாதா?" நாத்தனார் தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து தையலைப் பிரித்தார். ஒரு நூல்கூட அறவில்லை. பஞ்சை ஒதுக்கி உருண்டையை எடுத்துப் பிரித்தார். பனியன் துண்டு, காலுறை, அதற்கும் உள்ளே நீலக்கரை போட்ட வெள்ளைத் துணி. மூலையில் முத்திரை.

இன்ஸ்பெக்டர் முத்திரையைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பி முத்திரையைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

"இது நம்ம துணி மாதிரி இருக்குதேய்யா" என்றார் ஏட்டு.

"மாதிரி இல்லண்ணே. நம்மளதுதான்" என்றான் தம்பி. "குப்பையில போடச் சொன்னேன்."

"எங்க வீட்ல குப்பையில துணி போட மாட்டோம்" என்றார் நாத்தனார். டீச்சர் மெத்தை, பெரியவர் மெத்தை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. "மொத்தமும் என் வேலை. பிடிக்கணும்னா என்னைப் பிடிங்க. அதை விட்டுடுங்க."

ஏட்டுதான் முதலில் சிரித்தார். தொந்தி குலுங்க, தொப்பி விழ. இன்ஸ்பெக்டர் முறைக்கப் பார்த்தார், முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "வாசனையை வச்சு யாரைம்மா பிடிக்கிறது? மருந்து இருந்தாத்தான் கேசு" என்றார். "இதை முதல்லயே கதவைத் திறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"முதல்ல எனக்கே தெரியாதே. நீங்க உள்ள வந்திருந்தா இருபது மெத்தையையும் கிழிச்சுப் பொட்டலம் தேடியிருப்பீங்க. இந்தக் கந்தலையா பாத்திருப்பீங்க?"

இன்ஸ்பெக்டர் உருண்டையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார். தம்பி மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தான். மாமியார் அவனைக் கவனிக்கவே இல்லை. அதற்குப் பரிசுத் துண்டு எங்கே என்ற கவலை.

மற்ற இரண்டு மெத்தையையும் பார்த்து உறுதி செய்தால்தான் மாமியார் பேரில் விழுந்த கறை போகும் என்றார்கள். டீச்சர் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார். பெரியவர்தான் மசியவில்லை. போலீஸ் ஒருமுறை தன் மானத்தைப் பஸ் நிலையத்தில் கொட்டிக் காட்டியது போதும், மெத்தையைத் தர முடியாது, வேண்டுமானால் உத்தரவு வாங்கி வாருங்கள் என்றுவிட்டார். கடைசியில் நாத்தனார் புதிதாக ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு போனார். பெரியவர் அதில் உட்கார்ந்து பார்த்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்து, திருப்தியான பிறகுதான் பழையது கை மாறியது. இரண்டிலும் நீலக்கரை இருந்தது. மாமியார் பேரில் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டார்கள். தம்பிக்கு மட்டும் நல்ல திட்டு. இப்போது கிழிந்த துண்டை ஒரு நார் விடாமல் பையில் பொறுக்கிக்கொண்டுதான் போகிறான். நாத்தனார் அந்தப் பையை ஏக்கத்தோடு பார்ப்பார்.

போன வாரம் மறுபடி பழக்க வந்தார்கள். நாத்தனார் துண்டை வாங்கிக்கொண்டு போய் ஒளித்துவிட்டு வந்தார். முகத்தில் ஒரு அமைதி. எனக்கு அப்போதே சந்தேகம். மாமியார் வீடு முழுக்கச் சுற்றியது. மாவு டப்பாவைத் தாண்டியது, கட்டிலைத் தாண்டியது. என் பிரார்த்தனை அறைக் கதவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது.

தம்பி கயிற்றைச் சுருக்கிப் பிடித்தான். "அக்கா, அந்த ரூமுக்குள்ள வர முடியாதே."

"முடியாதுல்ல?" நாத்தனார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப நான் ஜெயிச்சேன்."

"உட்கார்ந்துடுச்சே அக்கா!"

"உட்காரட்டும். உட்கார்ந்தா மட்டும் போதாதுன்னு நீதிபதியே சொல்லிட்டாரே? எடுத்துக் காட்டு."

இத்தனை மாதத்தில் அவர் ஜெயித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பை அவருக்கே விட்டிருக்கலாம். ஆனால் மாமியார் கதவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. உறுமவில்லை, கெஞ்சவில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்தது.

நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.

"ஏய், ஏய், நீ யார் பக்கம்?" என்று கத்தினார் நாத்தனார்.

"வாம்மா" என்றேன். கேட்டது மாமியார். சரி சொன்னது நான். அதன் பிறகுதான் அது படியைத் தாண்டியது.